கெடே மலையில் கேட்ட கூவல்

ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வதனி பாலிக்குப் போகலாம் என்றாள். அவள் கணவன் சுஜீதனோ ஜாவாவிலுள்ள கெடே எரிமலைக்குத்தான் என்று பிடிவாதமாக நின்றான்.

"அங்க என்ன கிடக்கு?"

"கிப்பன். வாலில்லாத குரங்கு மாதிரி. சத்தம் கேட்டனான், ஒருநாளும் கண்டதில்லை."

பல வருடங்களுக்கு முன், ஆஸ்திரேலியாவுக்குக் களவாகப் படகேறக் காத்திருந்த காலத்தில் அந்த மலையடிவாரத்து வீடொன்றில் அவனும் சிநேகிதன் பிரவீனனும் ஒளிந்திருந்தார்கள். விடியும்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு கூவல் எழும். மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, உச்சியில் நடுங்கி அறுந்துபோகும். பொலிசுக்குப் பயந்து அவர்கள் யன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. பிரவீனன் பாயில் கிடந்தபடியே அதேபோலக் கூவிக்காட்டுவான். அவர்களுக்குச் சோறு கொண்டுவந்து தரும் பக்கத்து வீட்டு இமாஸ், சுவருக்கு அப்பால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மெல்பேர்னுக்கு வந்த பிறகும், வெரிபீ ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிற குளிர்காலைகளில் அந்தக் கூவல் அவன் காதுக்குள் கேட்பதுண்டு.

இம்முறை வழிகாட்டி ஒருவரோடு காட்டுக்குள் ஏறினார்கள். வெந்நீர் ஊற்றின் ஆவி பன்னச் செடிகளை நனைத்துக்கொண்டிருந்தது. திடீரெனத் தலைக்கு மேலே கூவல். வெள்ளிச் சாம்பல் நிறம், நீளக் கைகள், வயிற்றோடு ஒட்டிய குட்டி. இப்படிக் கூவுவது பெண்தான் என்றார் வழிகாட்டி. சுஜீதன் கமராவை மறந்து நின்றான்.

"இவ்வளவு சின்னனே?" என்றாள் வதனி.

கீழே இறங்கி வீட்டைத் தேடினான். அதை இடித்து விடுதி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இமாஸின் வீடு மட்டும் அப்படியே இருந்தது. வாசலில் தேநீர்க்கடை. அவனைக் கண்டதும் அவள் எழுந்துவந்தாள். பெரியவர்களுக்குச் செய்யும் அந்த ஊர் வழக்கப்படி அவள் கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

"கூவுவானே, அவன் எங்கே?"

தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தோனேசியப் பேச்சில் சொன்னான்: "எனக்கு அடுத்த படகில் ஏறினான். அந்தப் படகு வந்து சேரவில்லை."

 பிரார்த்தனையில் சொல்வதற்கென்று அவள் பிரவீனனின் பெயரையும் தகப்பன் பெயரையும் கேட்டாள். பின்னேரம் ஒழுங்கையிலிருந்த பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பிரவீனனுக்காகக் குர்ஆன் ஓதினார்கள்.

வதனி சுஜீதனின் காதருகே குனிந்தாள். "பிரவீனன்ர தாய்க்கு இதைச் சொல்லுவீங்களா?"

"அவ இன்னும் அவன் வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. ஒரு கிரியையும் செய்யவிடேல்ல."

இமாஸ் 'பிரபினான்' என்று பிழையாக உச்சரித்தாள். சுஜீதன் திருத்தவில்லை. கண்களைத் துடைக்காமல், அவர்களோடு கைகளை ஏந்திக்கொண்டிருந்தான்.