நாற்பத்தேழின் முன்னால் ஒரு பூஜ்யம்

மின்மயான அலுவலகத்தில் கணக்கு எழுதும் அவளுக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயர். அவள் மேசைமேல் உட்காரும் தூசிகூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்காரும். அவள் துடைத்த துடைப்பில் நாற்காலி இரண்டு முறை நிறம் மாறியிருந்தது.

அங்கே அஸ்திக் குடுவைகளுக்கு இரண்டு அறைகள். பழைய அறைப் பெட்டிகளுக்கு 047 என்று பூஜ்யம் வைத்த எண். புதிய அறையில் வெறும் 47. போன வாரம் கணினியில், குடும்பங்களுக்கான சீட்டு அச்சாகும் அட்டவணையைத் திறந்தவள், பழைய அறை எண்களின் மூலையிலெல்லாம் பச்சை முக்கோணங்களைக் கண்டு, பிள்ளைக்கு அம்மை போட்டதுபோல் பதறினாள். ‘எண்ணாக மாற்று’ என்றது திரை. அழுத்தினாள். முக்கோணங்கள் போயின, முன்னால் நின்ற பூஜ்யங்களும் போயின. பளிச்சென்று ஆனதில் பூரித்துப்போய் டீ குடிக்கப் போனாள்.

இன்று அவளுடைய அக்கா துணிப்பையோடு வந்திருந்தாள். 047இல் இருந்தது அக்கா வீட்டுக்காரர். தண்ணீர் என்றாலே நடுங்குகிறவர். வாளி நிறைந்துவிட்டால் எட்ட நின்றுதான் குளிப்பார்.

“வாசல்ல செடிக்கடியில வைக்கப்போறேன்டி. தெனம் தண்ணி ஊத்துனா அதுக்கும் திட்டுவாரு” என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணியது.

உள்ளே போன காவலாளி வெறுங்கையோடு வந்து, சுத்தக்காரியைத் தனியே கூப்பிட்டார்.

“047 காலிம்மா. முந்தாநாள் ஒரு குடும்பம் 47னு சீட்டு கொண்டாந்துச்சு. இப்பல்லாம் சீட்டுல பூஜ்யமே வர்றதில்லையா, பழைய ரூம்னு நெனச்சுக் குடுத்துட்டேன். அன்னிக்கே கடல்ல கரைச்சுட்டாங்களாம்.”

அவள் தன் மேசைக் கணினியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவங்களோடது புது ரூம்லதான் இருக்கு” என்று குரலைத் தாழ்த்தினார் காவலாளி. “எல்லாக் குடுவையும் ஒரே மாதிரிதானே. யாருக்குத் தெரியப்போவுது?”

அவள் அதை எடுத்து வந்தாள். வழக்கம்போல் முந்தானையால் துடைத்தாள். அக்கா, தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் சுத்தக்காரியால் கொடுக்க முடியவில்லை.

“இது மாமா இல்லக்கா.”

“பின்ன அவரு எங்க?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முக்கோணம், பூஜ்யம், சீட்டு, கடைசியில் கடல்.

அக்கா திட்டவில்லை, அழவில்லை. துணிப்பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அவருக்கு நீச்சல் தெரியாதேடி” என்றாள்.