கதவுக்குள் தண்ணீர்

என் காருக்குள் மழைத் தண்ணீர் வந்ததற்கு நான்தான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் என் கணவர். ஒத்து ஊதியது அவர் தங்கை. எனக்கும் வாய் இருக்கிறதே, ஒரு வார்த்தை கேட்போம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆரம்பத்தில் அது ஒன்றுமே இல்லை. முன் கண்ணாடியின் மேல் மூலையில் ரப்பர் லேசாக விட்டுப்போய், நல்ல மழையில் இரண்டு சொட்டு விழும். துணியால் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இவரிடம் சொல்லித் தொலைத்தேன். மனிதர் வீடியோ பார்த்தார், கடைக்குப் போனார், சிலிகான் பசையும் அதை அழுத்தும் துப்பாக்கியும் வாங்கி வந்தார். அந்த மூலையை அடைத்தார், அது சரி. குழாயில் பசை மீதி இருந்தது. அது மீதி இருக்கும்போது அந்தக் கை அடங்குமா? தரையில் படுத்து, புரண்டு, கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

"இனிமே ஒரு சொட்டு வராது. எழுதி வச்சுக்கோ."

அடுத்த மழையிலேயே நான் கால் வைக்கும் இடம் குளமாகிவிட்டது. கார் முழுக்க ஊறிய துணி நாற்றம்.

"ஜன்னலை மூடாம விட்டிருப்ப."

"மூடினேன்."

"மூடினதா நினைச்சிருப்ப. நான்தான் எல்லாத்தையும் அடைச்சிட்டேனே, வேற எப்படி வரும்?"

ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் நர்ஸ் நான். நான் கிளம்பும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை, அவ்வளவுதான். இது தெரிந்திருந்தும், மறுபடி மறுபடி நனைந்ததும், "உனக்கு வண்டி வச்சுக்கத் தெரியல. தங்கச்சிக்குக் குடுத்துடலாம்" என்று முடிவு செய்துவிட்டார். என் சம்பளத்தில் வாங்கிய கார். என்னைக் கேட்கவில்லை, என்னிடம் சொன்னார். இரண்டாவது சாவியை அவளிடம் கொடுத்தும் விட்டார். நாத்தனாரோ போனில், "அண்ணி பாவம், வேலை டென்ஷன். மறதி வரத்தானே செய்யும்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் காரை எடுக்க வருகிற அன்று காலையில், என் சாமான்களை எடுத்து வைக்கலாம் என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். கதவுக்குள் தண்ணீர் தளும்பியது. பாதி நிரம்பிய வாளியைத் தூக்கினால் கேட்குமே, அந்தச் சத்தம். குனிந்து கதவின் அடி விளிம்பைப் பார்த்தேன். அங்கே சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பட்டாணி அளவுக்கு வெள்ளைப் பசை.

அட கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடி ஓரமாக மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது கீழே வடிந்து போகத்தான் அந்தத் துளைகள். நாள் முழுக்க நோயாளிகளின் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். வெளியே போகிற வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

கொண்டையிலிருந்த ஹேர்பின்னால் அப்போதே குத்தியிருக்கலாம். குத்தவில்லை. குத்திச் சரியாகிவிட்டால், "பாத்தியா, ஒழுங்கா ஜன்னலை மூடினதும் நின்னுடுச்சு" என்பார். இந்த மனிதரை எனக்குத் தெரியாதா?

நாத்தனார் வந்ததும் இவரைக் காருக்குள் உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"உக்காருங்க. கண்ணாடியை உங்க கையாலயே ஏத்துங்க. நல்லா ஏறிடுச்சான்னு தொட்டுப் பாத்துக்குங்க."

ஏற்றினார். கதவைச் சாத்திவிட்டு, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை ஜன்னல்மேல் பிடித்தேன். உள்ளேயிருந்து தங்கையைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார்.

கதவைத் திறந்தேன். "மூடினீங்களா, மூடினதா நினைச்சீங்களா?"

காலை வெளியே தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து முதல் துளையில் இருந்த பசையை ஹேர்பின்னால் நெம்பினேன். கலங்கல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் பேண்ட்டில் அடித்தது. அடுத்ததையும் நெம்பினேன்.

"ஐயோ அண்ணா, தண்ணி வடியற ஓட்டையைப் போய் அடைச்சிருக்கியே" என்றாள் நாத்தனார்.

"சரி விடு. சின்னத் தப்பு. யாருக்கும் வர்றதுதானே" என்று பேண்ட்டை உதறினார்.

"நான் ஜன்னலை மூடலைன்னு நீங்களா நினைச்சுக்கிட்டப்ப அது என் மறதி. எனக்கு வண்டி வச்சுக்கத் தெரியல. என் வேலை போனாலும் பரவால்ல. நீங்க பண்ணினது மட்டும் சின்னத் தப்பா?"

நாத்தனார் கைப்பையைத் துழாவி என் கார் சாவியை எடுத்தாள். எடுத்து, அப்போதும் அண்ணனிடம்தான் நீட்டினாள். அவரும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நடுவில் புகுந்து நான் பிடுங்கிக்கொண்டேன்.