மேடம் வந்திருக்காவ

வேலையை விடுவதாக ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஜெஃப்ரின் ஃபோனை அணைத்துவிட்டான். கம்பெனி லேப்டாப் அவனிடம் இருந்தது. "உங்க ஊருக்குப் பக்கம்தானே சபிதா, நீங்களே போய் வாங்கிடுங்க" என்றார்கள் பெங்களூரு அலுவலகத்தில். நாகர்கோவிலில் இருந்து இராஜாக்கமங்கலத்துக்கு ஸ்கூட்டரிலேயே போய்விடலாம். ஆனாலும் ஒரு வருடமாக அவனுக்கு மேலாளராக இருந்த சபிதா அவனை நேரில் பார்த்ததே இல்லை.

2016-இல் அந்தக் குழுவில் எல்லோருமே வீட்டிலிருந்துதான் வேலை செய்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. கண்ணுக்கு எட்டாத ஆட்களை இறுக்கிப் பிடித்தால்தான் வேலை நடக்கும் என்று சபிதா நம்பினாள். காலையில் எல்லோரும் கேமரா முன்னால் வர வேண்டும். முந்தைய நாள் பின்தங்கியவர் அத்தனை பேர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது ஜெஃப்ரின்தான். "வீட்ல உக்காந்து சம்பளம் வாங்க வெக்கமா இல்லையா?" என்று கடைசியாகக் கேட்டிருந்தாள். "இனி சரியா செய்யுதேன் மேடம்" என்று குனிந்துகொண்டான்.

கதவைத் திறந்தது அவன் அம்மா ஜெயபாய். பெயரைக் கேட்டதும் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சபிதா மேடமா? வாங்க, இரிங்க. ஒங்களப் பத்தி எப்பவும் சொல்லுவான். மேடம் நல்லவிய, எனக்குத்தான் புத்தி பத்தல்லன்னு."

சபிதா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஜெயபாய் சாயா கொண்டுவந்து நீட்டினாள்.

"அவன் சின்னதுல இருந்தே கொஞ்சம் பையதான், எதையும் மெதுவாத்தான் செய்வான். ஆனா கள்ளம் கெடையாது. ஒரு தடவ மன்னிச்சு வேலையக் குடுங்க மேடம்." உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏலே மக்கா, ஒனக்க மேடம் வந்திருக்காவ" என்றாள்.

"ஜெஃப்ரின்!" என்று சபிதாவும் கூப்பிட்டாள். பழக்கத்தில் அது காலைக் கூட்டத்துக் குரலாகவே வந்துவிட்டது. உள்ளே நாற்காலி சடாரென்று நகர்ந்தது. பின்கதவு திறந்தது. கொல்லையில் அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

ஜெயபாய் சங்கடப்பட்டாள். "ஒண்ணும் நெனைக்காதீங்க. வேலைக்கு இரிக்கதுக்கு முன்ன தெனமும் இப்பிடித்தான். கேஸ் டிரபிள்னு மருந்து வாங்கிக் குடுத்தேன். ராத்திரி ஒறங்கவும் மாட்டான், ஒரே வெப்ராளம், பதட்டம். வேலைய விட்ட பொறவு நின்னிருந்துது."

சபிதாவுக்குக் காது மடல்கள் சுட்டன. சாயாவைக் கீழே வைத்தாள்.

"அவன் மேல தப்பில்லம்மா. எல்லாரு முன்னாலயும் வச்சு அவன நாந்தான் அசிங்கப்படுத்தினேன்."

ஜெயபாயின் கண்கள் கலங்கின. "அவனுக்காக ஒங்க மேலயே பழியப் போடுதியளே. அவன் சொன்னது நெசந்தான். தங்கமான மேடம்."

இல்லை என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சபிதா சொல்லவில்லை. அந்த அம்மாவின் நம்பிக்கைக்குள் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது. அது புரிந்ததும் உடம்பே கூசியது.

முகம் கழுவிய ஈரத்தோடு ஜெஃப்ரின் வந்தான். திரையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். லேப்டாப் பையை மேசைமேல் வைத்தான்.

"சாரி மேடம். சார்ஜரும் உள்ள இருக்கு."

"நீ எதுக்கு சாரி சொல்லுற? உன்ன அப்படிக் கேட்டது என் தப்பு."

"பரவாயில்ல மேடம்" என்றான் அவன், நிமிராமல். அவள் சீக்கிரம் போனால் போதும் என்று நின்றான். சபிதா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவன் போனதற்குத் தானே காரணம் என்று அலுவலகத்தில் சொன்னாள். "இதெல்லாம் சகஜம், அடுத்த ஆளைப் பாருங்க" என்றார் மேலதிகாரி. காலையில் காரணம் கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஆனாலும் பெயரைச் சொன்னவுடனே ஒவ்வொருவரும் கேட்காமலே காரணம் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் ஜெயபாயை ஃபோனில் கூப்பிட்டு விசாரித்தாள்.

"மாமனுக்க மீன் லாரியில போறான் மேடம். இப்ப நல்லா திங்கான், ஒறங்குதான். ஒங்களுக்காக மாதாகிட்ட செபிச்சுக்கிட்டுதான் இரிக்கேன். இந்தா, வெளியதான் நிக்கான். கூப்பிட்டு ஃபோனக் குடுக்கட்டா?"

"வேண்டாம்மா" என்றாள் சபிதா அவசரமாக. "நான் கூப்பிட்டேன்னும் சொல்ல வேண்டாம்."