பசியில் மட்டும் பூப்பது

பச்சைக்கல் மேட்டின் கடைசிப் பூவை லாரி நசுக்கிய மறுநாள், குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவரின் இடது தோளில் அதே பூ மூன்று முளைத்திருந்தது. லீவு கேட்டுப் போனவரிடம் மேனேஜர், "யார் காதுல பூ சுத்துறே?" என்றார். சட்டையைக் கழற்றிக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார். அந்த மேட்டில் அந்தப் பூவைத் தவிர வேறெதுவும் வராது. அந்தப் பூவும் வேறெங்கும் வராது. முப்பது வருஷம் கல்தூசியை இழுத்த உடம்பை அது மேடு என்றே நினைத்திருக்க வேண்டும்.

அவர் மனைவிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், சோறு. கல்யாணமான நாளிலிருந்து அவரை அரைவயிற்றோடு படுக்கவிட்டதில்லை என்பது அவளுடைய பெருமை. பாலும் முட்டையுமாக வேளைக்கு வேளை ஊட்டினாள். நான்காம் நாள் அவர் முதுகில் புல் முளைத்தது. ரோட்டோரத்தில் வருகிற சாதாரணப் புல்தான். அது தோளுக்கு ஏறி முதல் பூவை நெருக்கிக் கொன்ற அன்று அவருக்கு வலது கை அசையாமல் போனது. புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, தெம்பு வரட்டுமென்று இன்னொரு முட்டை கொடுத்தாள். இரண்டாவது பூ வாடியபோது பேச்சு நின்றது.

தாவர ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்மாள் தோளை வெகுநேரம் பார்த்தாள். "சத்தில்லாத கல்லுலதாம்மா இது வாழும். நீங்க ஊட்ட ஊட்ட புல்லுதான் கொழுக்குது."

"அப்போ கட்டின புருஷனைப் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"மிச்சம் இருக்கறது ஒரு பூதாம்மா."

அதுவும் வாடினால் அடுத்து நிற்கப்போவது மூச்சுதான் என்பது இருவருக்குமே தெரிந்தது.

அன்றே அடுப்பை அணைத்தாள். அவருக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள். வாரம் ஒருமுறை தோளில் கல்தூசி தூவினாள். தன் சோற்றின் வாசனை அவரை எட்டக் கூடாதென்று பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டாள். புல் காய்ந்து உதிர்ந்தது. அவர் சாகவில்லை. மேட்டைத் தின்று முடித்துக் குவாரி மூடியது, பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது, பார்க்க வந்த டாக்டர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். அவர் தோல் பச்சை ஓடி, தொட்டால் சில்லென்று வழவழத்தது. விதை விழுந்து விழுந்து பூ பதினேழானது.

பத்தாவது வருஷம் ஒரு மதியம் அவருக்குப் பேச்சு திரும்பியது.

"பசிக்குது," என்றார்.

சமையலறை வாசல்வரை ஓடியவள், அங்கேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"தெரியுதுங்க," என்றாள்.

இன்றைக்கும் மதியமானால் அவர் அதைச் சொல்கிறார், அவளும் இதைச் சொல்கிறாள். பூ இப்போது கழுத்துவரை வந்துவிட்டது.