தெர்மாகோல் பாறை

சுகுணாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? தர்மபுரியில் அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில், கட்டப்போவதைச் சின்னதாகச் செய்து காட்டும் மாடல் என்றாலே சுகுணாதான் என்று இருந்தது. போன சித்திரையில் வேலைக்கு வந்த ஜாஸ்மின் அதில் மண்ணைப் போட்டுவிட்டாள். இப்போதெல்லாம் முதலாளி கிருஷ்ணப்பன் சார் எதற்கெடுத்தாலும் ஜாஸ்மினைக் கேட்கச் சொல்கிறார்.

ஒகேனக்கல்லில் கட்டப்போகும் ஒரு விடுதிக்கு மாடல் வேண்டியிருந்தது. கட்டடத்தை இருவரும் சேர்ந்து செய்துவிட்டார்கள். அது நிற்கிற ஆற்றங்கரைப் பாறையை மட்டும் ஆளுக்கொன்று செய்யச் சொன்னார் சார். யாருடையது தேறுகிறதோ, இனி மாடல் அறை அவர் பொறுப்பு.

சுகுணா கழுத்து வலிக்க வீடியோ பார்த்தாள். காகிதக் கூழில் செய்தாள், காய்ந்ததும் சுருங்கியது. களிமண்ணில் செய்தாள், வெடித்தது. கடைசியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நின்றது. ஆனால் ஆறிப்போன உப்புமாவைத் தட்டில் கவிழ்த்த மாதிரி இருந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவில்லை.

ஜாஸ்மின் வெறும் தெர்மாகோலை அடுக்கி ஒட்டிக் கத்தியால் சீவினாள். பிறகு அதைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய், சாம்பல் நிற ஸ்பிரே பெயிண்டைக் கையில் எடுத்தாள். பின்னாலேயே போன சுகுணாவுக்கு நெஞ்சு குதித்தது. ஸ்பிரே பெயிண்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும். முதல் வருஷம் ஒரு கல்யாண மண்டப மாடலின் கூரையையே அப்படிப் பறிகொடுத்துத்தான் அவள் அதைக் கற்றுக்கொண்டாள்.

ஜாஸ்மின் ஒருதரம் திரும்பி அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சுகுணா அதை விழுங்கிவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள். தின்னட்டும், நன்றாகத் தின்னட்டும்.

தின்றது. வெள்ளைப் பரப்பு பொத்தல் பொத்தலாக உள்ளே போனது. ஜாஸ்மின் விட்டு விட்டு அடித்தாள், நிறுத்தினாள், காய்ந்ததும் பழுப்புச் சாயத்தைத் துணியால் தேய்த்தாள். குழியும் வரியுமாகத் தண்ணீர் அரித்த பாறை எழுந்து வந்தது. பரிசலில் போகும்போது இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்குமே, அதே பாறை. பாழாகப் போகிறது என்று சாய்ந்து நின்றவள் கதவை விட்டு நிமிர்ந்தாள்.

சார் வந்து பார்த்தார். கட்டடத்தைத் தூக்கி ஜாஸ்மினின் பாறைமேல் வைத்தார். மாடல் அறைச் சாவியையும் அவளிடமே கொடுத்தார்.

அவர் போனதும் ஜாஸ்மின் சுகுணாவிடம் வந்தாள்.

"வூட்டுல சின்னத் துண்டுலதான்க்கா அடிச்சுப் பார்த்தேன். இவ்ளோ பெருசுல ரொம்ப அரிச்சுருமோன்னு பயமாத்தான் இருந்துச்சு. நீங்க பக்கத்துல நின்னீங்களே, தப்பாப் போனா ஒரு வார்த்தை சொல்லிருவீங்கன்னுதான் தைரியமா அடிச்சேன்."

சுகுணாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவிதான் போயிற்று என்றால், இப்படி ஒருத்தரை நம்புகிற மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று மறுபடியும் வயிறு எரிந்தது.