தலை தீபாவளிக்கு ரேஞ்ச்ஃபைண்டர்

தலை தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று மந்திரமூர்த்தி மருமகனிடம் போனில் கேட்டார். கேட்பது மரியாதை. மோதிரம் என்று சொல்வது பதில் மரியாதை. டல்லாஸில் இருந்த அபிலாஷ் ரேஞ்ச்ஃபைண்டர் என்றான்.

"மான் வேட்டைக்கு, மாமா. நவம்பர்ல பாஸ் கூட்டிட்டுப் போறாரு. மான் எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு அது சொல்லும்."

"வாங்கிருவோம், மாப்பிள்ளை," என்றார் மந்திரமூர்த்தி. போனை வைத்த பிறகு, அது என்ன சாமான் என்று மச்சினன் இசக்கிராஜாவிடம் கேட்டார்.

கல்யாணத்தில் அவர் மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரம் தாலி கட்டும் முன்பே நின்றுபோனது. சம்பந்தி அருமைநாயகம் அதைத் தன் ஊரான கயத்தாறு முழுக்கச் சொன்னார். கேட்காத வீடுகளிலும் சொன்னார். இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது. தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த மந்திரமூர்த்திக்கு அந்த மாதம் வேறு கவலை இல்லை.

இசக்கிராஜா ஒரு வாரம் அமெரிக்கர்களின் வேட்டை வீடியோக்களைப் பார்த்தான். பிறகு அத்தானைத் துறைமுகச் சாலையில் ரெக்சன் கடைக்கு அழைத்துப்போனான். கப்பலில் கழித்த சாமான்களும், கப்பலையே பார்க்காத புதுச் சாமான்களும் அங்கே கிடைக்கும்.

ரெக்சன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று பெரியது, சருகு நிறம். மற்றது சிறியது, கருப்பு.

"பெருசு ஆயிரத்து ஐந்நூறு யார்டு பாக்கும், அண்ணாச்சி. சின்னது எழுநூறு."

"பெருச எடு."

"பொறுங்க, அத்தான்," என்றான் இசக்கிராஜா. "ஆயிரத்து ஐந்நூறுங்கது தகர போர்டுக்கு. மான் தோலு வெளிச்சத்த அவ்வளவு திருப்பாது. மானுக்குன்னா நானூறுதான். அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான்."

மந்திரமூர்த்தி பொடி எழுத்தை மதிப்பவர். அவர் விற்கும் பெயிண்ட் டப்பாவிலும் அப்படித்தான்.

"சின்னது?"

"முந்நூத்தம்பது. ஆனா சரிவையும் சேத்துக் கணக்குப் போடும். மான் கீழ நிக்கும், நாம மேல இருப்போம்லா."

"மேலன்னா?"

"மரத்து மேல."

"மாப்பிள்ளை மரத்துல ஏறுவாரா?"

"அங்கன எல்லாரும் ஏறுவாங்க."

"ஏலே, நாம பனையை விட்டு இறங்கி ரெண்டு தலைமுறை ஆச்சு. மறுபடி ஏறவா அவரு எம்.எஸ். படிச்சாரு?"

"இது வேற மரம், அத்தான். ஓக்கு."

ரெக்சன் துடைத்த பெட்டியையே மறுபடி துடைத்தான். "இங்கன மானச் சுட்டா உள்ள போகணும், அண்ணாச்சி. அங்கன சுடலைன்னா ப்ரமோஷன் போயிரும். அவ்வளவுதான் வித்தியாசம்."

மானில் வைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று மந்திரமூர்த்தி சொல்லிவிட்டார். வல்லநாடு சரணாலயத்தில் மான் உண்டு. இந்தப் பெட்டியோடு அங்கே போய் நின்றால் தீபாவளி ஜெயிலில். சாலைக்கு அப்பால் உப்பு லாரிக்கு முன்னால் ஓர் ஆடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது. அதை இரண்டு கருவியிலும் பார்த்தார்கள். பெரியது ஆட்டை விட்டுவிட்டு லாரியின் தூரத்தைச் சொன்னது. சின்னது ஆட்டைச் சொன்னது.

சின்னதை வாங்கினார்.

"தலை தீபாவளிக்குக் கருப்புச் சாமானா?" என்றாள் மனைவி சீனித்தாய்.

"ஏளா, கலர விடு. அளவு சுத்தமா இருக்கும்."

அவள் அதை மஞ்சள் பட்டில் பொதிந்து தாம்பாளத்தில் வைத்தாள்.

தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வருவார்கள். சம்பந்தி வருவது வழக்கமில்லை. அருமைநாயகம் வந்தார்.

அபிலாஷ் மொட்டை மாடியில் நின்று கருவியைக் கண்ணில் வைத்தான். கோபுரம், தண்ணீர்த் தொட்டி, அடுத்த தெரு நாய், எல்லாவற்றுக்கும் எண் வந்தது.

"சூப்பர், மாமா."

மந்திரமூர்த்தி சம்பந்தியைப் பார்த்தார்.

"அளவு சரியா இருக்குமோ?" என்றார் அருமைநாயகம்.

"மயிரிழை பிசகாது, சம்பந்தி."

"அப்ப புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வருவமா?"

தூத்துக்குடியை ஒட்டிய அந்தப் புதுக்கோட்டையில், மந்திரமூர்த்தி மகள் பொன்செல்விக்குச் சீராக எழுதிக்கொடுத்த மனை இருந்தது. அகலம் அறுபது அடி. அவரே தன் கடை டேப்பால் அளந்தது. பக்கத்து மனையும் பின்மனையும் அவருடையவை.

இசக்கிராஜா மறுகோடி எல்லைக்கல்லின் மேல் ஏறி நின்றான். அருமைநாயகம் இந்தப் பக்கக் கல்லருகே நின்று கருவியில் பார்த்தார்.

"பத்தொன்பது யார்டு. யார்டுன்னா கெஜம். அம்பத்தேழு அடி. மிச்சம் மூணடிய எங்க, சம்பந்தி?"

"அப்பா, அது ஒரு யார்டு முன்னப்பின்ன காட்டும்," என்றான் அபிலாஷ். "மானுக்கு அது போதும்."

"அப்ப தப்பாக் காட்டுதுங்கியா?" மகனிடம் கேட்டுவிட்டு, அருமைநாயகம் மந்திரமூர்த்தியைப் பார்த்தார். கயத்தாறு முழுவதும் அந்தப் பார்வைக்குப் பின்னால் நின்றது.

இசக்கிராஜா கல்லிலிருந்து குதித்தான். "கார்ல டேப் கெடக்கு, அத்தான். எடுத்துட்டு வாரேன்."

"டேப் வேண்டாம்."

"ஒரு நிமிசம்தான்..."

"வேண்டாம்னேன்லா. மிஷின் சரியாத்தான் காட்டுது."

"நீங்க அளந்த எடந்தானப்பா?" என்றாள் பொன்செல்வி.

"நான் அளந்தது தப்பு," என்றார், முப்பது வருடமாக டேப் விற்பவர்.

அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பொருளு, சம்பந்தி. கயத்தாறுல யாருகிட்டயும் இல்ல. எங்கன பிடிச்சிய?"

இதைக் கேட்கத்தான் மந்திரமூர்த்தி ஒரு மாதம் அலைந்தார். கேட்டாயிற்று.

"ஏலே," என்று மச்சினனைக் கூப்பிட்டார். "கல்லப் பிடுங்கி மூணடி நம்ம பக்கம் தள்ளி நடு."

பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் இசக்கிராஜா கடப்பாரை வாங்கி வந்தான். கல் லேசில் வரவில்லை. ஆழமாக நட்டிருந்தார்கள். அபிலாஷ் கருவிக்குக் கை நீட்டினான். "இருலே," என்றார் அவன் அப்பா.

கல்லை நட்டு மண்ணை மிதித்தாயிற்று.

"அகலம் முடிஞ்சுது," என்றார் அருமைநாயகம். "இனி நீளம்."

இசக்கிராஜா அத்தானைப் பார்த்தான். மந்திரமூர்த்தி தலையசைத்தார். இசக்கிராஜா கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்மனைப் பக்கம் நடந்தான்.