மாப்பிள்ளையை ஏற்றலாமா?

அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்குப் போகிற ஆறு மணி பஸ்ஸில் ஆண்கள் ஏறக்கூடாது என்று ஆனதற்குப் பொற்கொடிதான் காரணம். பிறகு ஒருநாள் அதே பஸ்ஸில் ஒரு ஆண் ஏறினதற்கும் அவள்தான் காரணம். சொல்ல வந்தது இரண்டாவது விஷயத்தை. ஆனால் முதல் விஷயத்தைக் கொஞ்சமாவது சொல்லாவிட்டால் அது புரியாது.

பொற்கொடி மானாமதுரைப் பக்கத்துக்காரி. ஓசூரில் செல்போனுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள், பக்கத்து லைனில் நின்ற பிரகாஷைக் கல்யாணம் கட்டிக்கொண்டு அவன் ஊரான அஞ்செட்டிக்கே வந்துவிட்டாள். ஆறு வருஷம் ஆகியும் அவள் வாயிலிருந்து "அங்கிட்டு, இங்கிட்டு" போகவில்லை.

அந்த ஆறு மணி பஸ் நாட்றாம்பாளையத்திலிருந்து வரும்போதே நிரம்பித்தான் வரும். ஓசூர் போய்ச் சேர இரண்டு மணி நேரம். காட்டு வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் மேலே சாய்வதற்கென்றே சில பேர் இருந்தார்கள். எந்தக் கை யாருடையது என்று தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்வது, கத்தினால் எல்லோரும் திரும்பிக் கத்தினவளைத்தான் பார்ப்பார்கள். பிரகாஷுக்கு அதே ஷிப்ட் இருக்கிற வாரம் அவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வான், தொந்தரவு இருக்காது. ஷிப்ட் மாறினால் மறுபடி பழைய கதை. கூட வந்த இரண்டு பெண்கள் இதனாலேயே வேலையை விட்டு நின்றார்கள்.

அப்போதுதான் பொற்கொடி ஒரு மனு எழுதினாள். நூற்று நாற்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு டெப்போவுக்குப் போனாள். மேலாளர் நல்ல மாதிரி. "வீட்டுக்காரர் கூட வர்றாருல்லம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டார்.

"அவரு ஷிப்ட் மாறுனா என் மானமும் சேந்து மாறணுமா சார்?" என்றாள் பொற்கொடி.

அவர் பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்று சொன்னார்.

தை பிறந்ததும் பஸ்ஸின் முன் கண்ணாடியில் 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு வந்தது. சுஜாதா என்கிற பெண் கண்டக்டரைப் போட்டார்கள். டிரைவர் மட்டும் ஆண், முனிவேல். "இந்த பஸ்ல ஏற லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒரே ஆம்பளை நான்தான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் இரண்டு நாள் பெண்கள் பழைய மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு பையை மார்போடு அணைத்தபடி வந்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி ஈரத் தலையை அவிழ்த்துப் போட்டுக் காயவைத்தாள். அதற்குப் பிறகு அந்த பஸ் வேறு பஸ் ஆகிவிட்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் உரித்தார்கள், உரித்த வாசனை பஸ் முழுக்க அடித்தது. நாட்றாம்பாளையத்துப் பெண் மாதேவி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆனவள், முன் சீட்டில் ஜன்னலோரம் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வருவாள். யாரோடும் அதிகம் பேச மாட்டாள். கால் மட்டும் நீண்டிருக்கும்.

ஊரில் பல பேருக்கு இது பிடிக்கவில்லை. ஆண்களுக்கு அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. அதில் போனால் எந்த வேலைக்கும் நேரத்துக்குப் போக முடியாது. அதிகமாகச் சத்தம் போட்டவர் ராமப்பன். ஏரிக்கரையில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவர். "கூடி ஒக்காந்து கதை பேசறதுக்கு இவங்களுக்குத் தனி பஸ்ஸா?" என்று பஸ் ஸ்டாண்டிலேயே நின்று கேட்டார். பஸ்ஸில் ஒரு ஆணை ஏற்றிவிட்டால் அவர் வாய்க்கு அவலாகிவிடும் என்று பொற்கொடிக்குத் தெரியும். அதனால்தான், பிரகாஷை இப்போது பைக்கில் கூட்டிப்போகிற நண்பன் லீவு போட்ட ஒரு நாள், அவனையே பனியில் நிறுத்திவிட்டு பஸ் ஏறினாள். அன்று சாயந்திரம் அவன் அவளுக்கு முன்னாலேயே தனியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. முந்தின நாள் மாலையிலிருந்து காட்டு ரோட்டில் யானைக் கூட்டம் நின்றதால் வனத்துறைக்காரர்கள் வண்டிகளை விடவில்லை. விடிந்த பிறகு வேனையும் பஸ்ஸையும் மட்டும் விட்டார்கள், டூவீலருக்கு இன்னும் அனுமதி இல்லை. ஆறே முக்கால் இருக்கும். மூன்றாவது வளைவில் முனிவேல் பிரேக் போட்டார்.

ரோட்டோரம் ஒரு வேன் சாய்ந்தாற்போல் நின்றது. முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தது. வேனைச் சுற்றிப் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் கழுத்தில் மாலையோடு, நெற்றியில் பொட்டோடு, மாப்பிள்ளை.

"கிளட்ச் போச்சும்மா" என்று ஓடி வந்தாள் மாப்பிள்ளையின் அம்மா. "ராத்திரியே போயிருக்கணும், யானை விடல. தேன்கனிக்கோட்டை மண்டபத்துல ஏழரைக்கு முகூர்த்தம் ஆரம்பிக்குது. இங்க போனும் எடுக்க மாட்டேங்குது."

"ஏறுங்க ஏறுங்க" என்று சுஜாதா கதவைத் திறந்துவிட்டு, அப்போதுதான் நினைவு வந்தவளாகக் கையைக் குறுக்கே நீட்டினாள். "லேடீஸ் மட்டும்."

கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாப்பிள்ளைம்மா அவன்! தாய்மாமன் நான் சொல்றேன், வழி விடு. போர்டு எழுதி மாட்டிட்டா ரோடே உங்களுதா?"

ராமப்பன்தான். பட்டு வேட்டியில், கையில் தாம்பாளத்தோடு.

பஸ்ஸுக்குள் சலசலப்பு எழுந்தது. சுஜாதா பொற்கொடியைப் பார்த்தாள். "என்னக்கா பண்றது? ஒரு ஆம்பளை ஏறினாலும் நான்தான் பதில் சொல்லணும்."

பொற்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏற்றினால், நாளைக்கு ஆஸ்பத்திரி என்று ஒருத்தர், நாளன்னைக்கு கோர்ட்டு என்று இன்னொருத்தர். ஏற்றாவிட்டால், கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் சாகிற வரைக்கும் போகாது. "வேணாம்த்தா, ஏத்த வேணாம்" என்றுதான் முதலில் சொன்னாள். "என் புருஷனையே பனியில நிறுத்திட்டு வந்தவ நான்."

"அப்ப தாலிய மட்டும் எடுத்துக்கினு நாங்க போயி இன்னா பண்றது? கட்டறதுக்கு ஆள் வேணாமா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாத குரல். பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

ராமப்பன் மறுபடி வாயைத் திறந்தார். மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்து, "மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றான். அவன் பெயர் ஹரீஷ்குமார், ஓசூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். படிக்கு வெளியே, ரோட்டிலேயே நின்றுகொண்டு உள்ளே பார்த்துப் பேசினான். "அக்கா, அம்மாவையும் தங்கச்சிங்களையும் ஏத்திக்குங்க. என்னை ஏத்தலைன்னா தப்பா எடுத்துக்க மாட்டேன். பொண்ணு வீட்ல விஷயத்தைச் சொல்லிடுங்க, பயந்துக்கினு இருப்பாங்க. ஏத்தினீங்கன்னா நல்லதுதான், எங்க நிக்கச் சொல்றீங்களோ அங்க நிக்கறேன்."

பொற்கொடி அவனைப் பார்த்தாள். மாலையில் பனி படிந்து, சம்பங்கி எல்லாம் தலை தொங்கியிருந்தது. கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. கேட்கிறான், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸில் ஏற எந்த ஆணும் யாரையும் கேட்டதில்லை.

அவள் சீட்டிலிருந்து எழுந்து பஸ்ஸின் நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இது நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்கின பஸ். நான் ஒருத்தி சொல்லி ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது. நிறைய பேரு சரின்னாங்கங்கிறதுக்காகவும் இல்ல. ஒருத்தி, ஒரே ஒருத்தி வேணாம்னாலும் ஏத்த வேணாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல."

"வரட்டும்" என்றாள் ஒருத்தி. அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல் அதையே கன்னடத்தில், "பர்லி பிடம்மா" என்றாள். பின் சீட்டிலிருந்து தெலுங்கில் அதே 'வரட்டும்', "ரானீ" என்று வந்தது. பிறகு மூன்று பாஷையிலும் மாறி மாறி வந்தது. சுஜாதா ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் சீட்டில் மாதேவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். வாசலில் நின்றவனும் பார்த்தான். பொற்கொடி அவள் பக்கத்தில் போய் மெதுவாக, "வேணாம்னா சொல்லு. நான் இருக்கேன்" என்றாள்.

மாதேவி தன் காலைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "ஏறட்டும். ஆனா நான் காலை மடக்க மாட்டேன். எந்திரிச்சு சீட்டும் குடுக்க மாட்டேன்."

பஸ் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். "நீட்டிக்கோம்மா, இன்னும் கூட நீட்டிக்கோ."

"மாப்பிள்ளை மட்டும்தான்" என்று சுஜாதா அறிவித்தாள். மாப்பிள்ளையின் அம்மா, தங்கைகள், சித்திகள் ஏறினார்கள். ராமப்பன் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் தன் அக்காவிடம் நீட்டினார். "தாலி இதுல இருக்குது. பத்திரம்" என்றார். கோபம் இல்லாத குரலில் அவர் பேசி பொற்கொடி கேட்டது அதுதான் முதல் தடவை.

ஹரீஷ்குமார் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வாய்யா, கூட்டாளி" என்றார் முனிவேல். வளைவுகளில் பஸ் திரும்பினபோது அவன் யார் மேலும் சாயாமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, மாலை ஒரு பக்கம் ஆட, தலைப்பாகை கண்ணில் இறங்க நின்றான். "இதுல எப்படிக்கா தினமும் வர்றீங்க?" என்று கேட்டான்.

"இப்ப உக்காந்துதான் வர்றோம்" என்றாள் பொற்கொடி. "நின்ன கதைய இன்னொரு நாள் சொல்றேன்."

ஒருத்தி எழுந்து அவன் தலைப்பாகையைச் சரிசெய்தாள். ஒருத்தி கைப்பையிலிருந்து பவுடர் எடுத்துக் கொடுத்தாள். வாடின மாலையைப் பார்த்துவிட்டு, தலையில் பூ வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு விரல்கடை கிள்ளிக் கொடுக்க, அதை மாலையில் சொருகினார்கள். பின் சீட்டுக்காரர்கள் கைதட்டிக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு பாட்டைக் கட்டினார்கள்:

"கிளட்ச் போன வேனை விட்டு
கிளிக்கூட்டம் சேந்த மாப்பிள்ளே,
ஒக்கார இடமில்ல
ஓடி வந்து தாலி கட்டு!"

காடு முடிந்து சிக்னல் கிடைத்ததும் மாப்பிள்ளையின் அம்மா போனை எடுத்து, "வந்துக்கினே கீறோம்! பஸ்ல!" என்று கத்தினாள்.

மண்டபம் தேன்கனிக்கோட்டை நுழைவிலேயே, ரோட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. வாசலில் பெண் வீட்டுக்காரர்கள் கூடி நின்றார்கள். போர்டு வைத்த பஸ் வந்து நின்று, அதிலிருந்து முதலில் மாப்பிள்ளையும், அவன் பின்னால் வரிசையாக அறுபது பெண்களும் இறங்கியதைப் பார்த்து, பெண்ணின் அப்பா கும்பிட்ட கையை இறக்க மறந்துபோனார். மேளக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"பதினஞ்சு நிமிஷம்! அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்று சுஜாதா விசிலை ஊதினாள். பிறகு அவளும் உள்ளே ஓடினாள்.

மணமேடையில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை வந்த கதை அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. தலை குனிந்து இருக்க வேண்டிய நேரத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அறுபது பேரும் அட்சதை போட்டார்கள். மாதேவி எட்டவில்லை என்று நாற்காலி மேல் ஏறி நின்று போட்டாள்.

சாப்பிட நேரமில்லை. ஆனாலும் பெண்ணின் அம்மா சும்மா விடவில்லை. கேசரியும் பொங்கலும் வடையும் இலையில் கட்டி, கூடை கூடையாக பஸ்ஸில் ஏற்றினாள். ஓசூர் போகிற வரைக்கும் பஸ்ஸில் சாப்பாடுதான். முனிவேலுக்குச் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யாராவது வடையை நீட்டினார்கள். கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது கால் மணி நேரம் லேட். சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். அவர் கையில் ஒரு கேசரிப் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. "யாருக்குக் கல்யாணம்?" என்றார். "எங்க எல்லாருக்கும் சார்" என்றாள் பொற்கொடி.

அன்று ராமப்பனும் மற்ற ஆண்களும் ஒரு தக்காளி வண்டியைப் பிடித்து ஒன்பது மணிக்கு மண்டபம் வந்து சேர்ந்தார்களாம். தாலி கட்டுவதைப் பார்க்க முடியாத தாய்மாமன் மூன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள்.

மாதம் முடிந்து டெப்போவில் கூட்டம் போட்டார்கள். நடந்ததைப் பொற்கொடியே மறைக்காமல் சொல்லிவிட்டாள். மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதை எழுத்துல போட வேணாம்" என்றார். ராமப்பனும் நாற்பது கையெழுத்தோடு வந்திருந்தார். அந்த பஸ்ஸை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுந்து, "அவங்க பஸ் அவங்களுக்கே இருக்கட்டும் சார். அதுக்குப் பின்னாடியே பொதுவா ஒரு பஸ் விடுங்க. எங்க ஊரு ஆம்பளைங்களும் வேலைக்குப் போவணும் இல்ல?" என்றார். அந்த மனுவில் நாற்பத்தோராவது கையெழுத்தைப் பொற்கொடி போட்டாள்.

மாசி மாதம் ஆறேகாலுக்குப் பொது பஸ் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் அமைந்தால் பொற்கொடி அதில் ஏறி, பிரகாஷ் பக்கத்தில் உட்கார்ந்து போகிறாள். கூட்டம் இல்லை, உட்கார இடம் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் ஆறு மணி பஸ்தான்.

"ஏன், தினமும் என் கூடவே வந்தா என்ன?" என்று பிரகாஷ் கேட்டான்.

"உங்க கூட வந்தா பேசிக்கிட்டே வரணும்" என்றாள் அவள். "அங்கிட்டுன்னா நான் தூங்கலாம்."